75 மீட்டரா, 65 மீட்டரா? உருகும் பனியும் உயரும் கடலும்

கடல்மட்ட உயர்வு குறித்துச் சென்ற இதழில் வெளிவந்த குறிப்பைப் படித்த வாசகர்கள் பலர் கேள்விகள் அனுப்பியுள்ளனர். அவற்றுள், துருவப் பனி உருகுவதால் கடல் எவ்வளவு உயரும் என்பதை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்பதைப் பற்றிய ஐந்து கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி: கிரீன்லாந்து, அண்டார்க்டிக்கா ஆகிய இரண்டின் பனியும் முழுவதுமாக உருகினால் கடல்மட்டம் ஏறத்தாழ 65 மீட்டர் உயரும் என்று எழுதியிருந்தீர்கள். உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகன், பனியின் கன அளவைக் கடலின் பரப்பால் வகுத்து 75 மீட்டர் என்று விடை கண்டிருக்கிறான். நானும் சரிபார்த்தேன், வகுத்தலில் பிழை தெரியவில்லை. மீதி 10 மீட்டர் எங்கே போயிற்று? (பிடோக் வாசகர்)

பதில்: தங்கள் மகனின் வகுத்தல் சரியானதே. அவர் சென்ற வழியை மற்ற வாசகர்களும் அறியும்பொருட்டு முதலில் எழுதிவிடுகிறேன். கிரீன்லாந்தின் பனிவிரிப்பு ஏறத்தாழ 2.99 மில்லியன் கன கிலோமீட்டர் கொண்டது. அண்டார்க்டிக்காவில் தரையில் ஊன்றி நிற்கும் பனி ஏறத்தாழ 26.5 மில்லியன் கன கிலோமீட்டர். பனிக்கட்டி நீரைவிட அடர்த்தி குறைந்தது; ஒரு கன மீட்டர் பனிக்கட்டியின் எடை 917 கிலோகிராம்தான். ஆகவே இரு கன அளவுகளையும் 0.917ஆல் பெருக்கினால், உருகிய நீர் முறையே 2.74 மில்லியன், 24.3 மில்லியன் கன கிலோமீட்டர் என்று கிடைக்கும். உலகப் பெருங்கடல்களின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 361 மில்லியன் சதுர கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் கிரீன்லாந்துக்கு 7.6 மீட்டர், அண்டார்க்டிக்காவுக்கு ஏறத்தாழ 67 மீட்டர், இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 75 மீட்டர்.

ஆய்வாளர்கள் இன்று ஏற்றுக்கொண்டிருக்கும் மதிப்புகளோ கிரீன்லாந்துக்கு 7.4 மீட்டர், அண்டார்க்டிக்காவுக்கு 58 மீட்டர். இரண்டு விடைகளையும் அருகருகே வைத்தால் ஒன்று உடனே புலப்படும்: கிரீன்லாந்தில் இருபது சென்டிமீட்டர் மட்டுமே வேறுபாடு, காணாமற்போன 10 மீட்டரில் ஏறக்குறைய முழுவதும் அண்டார்க்டிக்காவில்தான் இருக்கிறது. அந்தக் கண்டத்தின் தரை எங்கே இருக்கிறது என்பதே அதற்குக் காரணம்.

பனிக்கு அடியிலுள்ள பாறைத் தரை எல்லா இடங்களிலும் கடல்மட்டத்துக்கு மேலே இருக்கும் என்று நாம் இயல்பாக எண்ணிக்கொள்கிறோம். அண்டார்க்டிக்காவில் அப்படியில்லை. மேற்கு அண்டார்க்டிக்காவின் பெரும்பகுதியும் கிழக்கில் பல படுகைகளும் கடல்மட்டத்துக்குக் கீழே, சில இடங்களில் 2 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் உள்ளன. கிழக்கு அண்டார்க்டிக்காவின் டென்மன் பனியாற்றுக்கு அடியிலுள்ள பள்ளத்தாக்கு கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 3,500 மீட்டர் கீழே செல்கிறது. இத்தகைய இடங்களில் நிற்கும் பனி, கடல்நீர் இருந்திருக்க வேண்டிய இடத்தை ஏற்கெனவே அடைத்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பனி போய்விட்டால் உருகிய நீரில் ஒரு பகுதி பள்ளத்தை நிரப்புவதற்கே செலவாகும். மிஞ்சியதுதான் உலகக் கடல்களை உயர்த்தும்.

தங்கள் மகன் போட்டுப் பார்க்க ஒரு கணக்கைத் தருகிறேன். ஓரிடத்தில் தரை கடல்மட்டத்துக்கு 1,000 மீட்டர் கீழே இருக்கிறது. அதன்மேல் 2,000 மீட்டர் தடிமனுள்ள பனி நிற்கிறது என்று கொள்வோம். கடல்நீரின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,027 கிலோகிராம். ஆகவே 1,000 மீட்டர் ஆழக் கடல்நீரின் எடைக்கு 1,120 மீட்டர் தடிமனுள்ள பனி ஈடாகும். அந்த அளவு பனி, உருகினாலும் உருகாவிட்டாலும் கடலுக்கு ஒன்றே. மீதமுள்ள 880 மீட்டர் பனி மட்டுமே கடல்மட்ட உயர்வுக் கணக்கில் சேரும். 2,000 மீட்டரையும் சேர்த்துக்கொண்டால் விடை இரு மடங்குக்கும் அதிகமாகிவிடும். கண்டம் முழுவதற்கும் இந்தத் திருத்தத்தைக் கட்டம் கட்டமாகச் செய்யும்போது 67 மீட்டர் 58 மீட்டராகச் சுருங்குகிறது.

இதைச் செய்வதற்குப் பனியின் மேற்பரப்பை அறிந்தால் போதாது. அடித்தரையின் உருவமும் தெரிய வேண்டும். 1960களிலிருந்து விமானங்கள் பனியின்மேல் பறந்து, ரேடியோ அலைகளைக் கீழே செலுத்தி, பாறையில் பட்டு அவை திரும்பிவர எடுக்கும் நேரத்தை அளந்து வருகின்றன. பல நாடுகள் சேர்த்த அந்த அளவீடுகளைத் தொகுத்து 2001, 2013, 2025 ஆகிய ஆண்டுகளில் பெட்மேப் என்ற பெயரில் மூன்று வரைபடங்கள் வெளியாயின. மொத்தக் கடல் உயர்வு 58 மீட்டர் என்ற மதிப்பு 2013க்குப் பிறகு பெரிதாக மாறவில்லை என்பதே அந்த உழைப்பின் தரத்துக்குச் சான்று.

வேறு சிறு திருத்தங்களும் உண்டு. கடல் உயரும்போது தாழ்ந்த கரைகளின்மேல் பரவுவதால் வகுக்கும் பரப்பு சற்றுக் கூடும். பனியின் பாரம் நீங்கிய பாறைத் தரை, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல மேலெழுந்து, படுகையில் தேங்கிய நீரைத் திரும்ப வெளியே தள்ளும். இமயமலை, ஆல்ப்ஸ், அலாஸ்கா முதலிய இடங்களின் பனியாறுகள் எல்லாம் உருகினால் சேரக்கூடியது ஏறத்தாழ 32 சென்டிமீட்டர் மட்டுமே.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 65 மீட்டர் என்பது இருப்பின் அளவு, முன்னறிவிப்பு அன்று. புக்கிட் தீமா குன்றும் சில மேடுகளும் மட்டும் நீருக்கு மேலே தெரிவதாகச் சிங்கப்பூரைக் காட்டும் படங்கள் அவ்வப்போது கைப்பேசிகளில் வலம் வருகின்றன. அவ்வளவு பனி உருகுவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் வேண்டும். அந்தப் படங்களைப் பார்த்து அஞ்சுபவர்களும், அவற்றை நம்பாமல் விஷயத்தையே ஒதுக்கிவிடுபவர்களும், நம் பிள்ளைகளின் வாழ்நாளுக்குள் வரக்கூடிய ஒரு மீட்டரைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள் என்பதே என் கவலை.

கேள்வி: கண்ணாடிக் குவளையில் மிதக்கும் பனிக்கட்டி கரைந்தாலும் நீர் வழிவதில்லை. அப்படியிருக்க, மிதக்கும் பனி உருகுவதைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு? (தெம்பனிஸ் வாசகர்)

பதில்: மிதக்கும் பனியைப் பொறுத்தவரை தாங்கள் சொல்வது ஏறக்குறைய முழு உண்மை. ஆர்க்டிக் கடலின்மேல் உறைந்து மிதக்கும் பனி உருகினால் கடல்மட்டம் உயராது என்றே சொல்லிவிடலாம். உருகுவது நன்னீர், அது மிதப்பதோ உப்புநீரில் என்பதால் மிகச் சிறிய உயர்வு உண்டு. உலகிலுள்ள மிதக்கும் பனி அனைத்தும் உருகினாலும் அது ஏறத்தாழ 4 சென்டிமீட்டர்தான்.

ஆனால் அண்டார்க்டிக்காவைச் சுற்றி மிதக்கும் பனித்தட்டுகள், தமக்குப் பின்னால் தரையில் நிற்கும் பனியாறுகளைத் தாங்கிப் பிடிக்கின்றன. 2002ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லார்சன் பி என்ற பனித்தட்டில் ஏறத்தாழ 3,250 சதுர கிலோமீட்டர், அதாவது சிங்கப்பூரைப் போல நான்கு மடங்குக்கும் அதிகமான பரப்பு, சுமார் ஒரு மாதத்துக்குள் நொறுங்கிப்போயிற்று. அதனால் கடல் உயரவில்லை. ஆனால் அதன் பின்னாலிருந்த பனியாறுகள் முன்னைவிடப் பல மடங்கு வேகத்தில் கடலை நோக்கி நகரத் தொடங்கின. அவை கொண்டுவந்து சேர்த்த பனி தரையிலிருந்து வந்தது. அது கணக்கில் சேரும்.

கேள்வி: மனிதர் குடியிராத அவ்வளவு பெரிய கண்டத்தில் ஆண்டுக்கு எவ்வளவு பனி குறைகிறது என்பதை எப்படி அறிகிறார்கள்? எடை போட்டுப் பார்க்க முடியுமா? (ஈசூன் வாசகி)

பதில்: முடியும், உண்மையிலேயே எடை போடுகிறார்கள். 2002இல் ஏவப்பட்ட கிரேஸ் என்ற இரட்டைத் துணைக்கோள்கள், ஒன்றன்பின் ஒன்றாக ஏறத்தாழ 220 கிலோமீட்டர் இடைவெளியில் பூமியைச் சுற்றின. பெரும் பனித்திரள் ஒன்றை நெருங்கும்போது அதன் ஈர்ப்பு முன்னால் செல்லும் துணைக்கோளைச் சற்று முந்தி இழுக்கும். இடைவெளி நுண்ணிய அளவில் மாறும். மாதந்தோறும் அந்த மாற்றத்தை அளந்தால் கீழேயுள்ள பனியின் நிறை கூடியதா குறைந்ததா என்று தெரிந்துவிடும். முதல் இணையின் பணி 2017இல் முடிவடைய, 2018இல் அடுத்த இணை ஏவப்பட்டது.

வேறு இரண்டு வழிகளும் உள்ளன. லேசர் அல்லது ரேடார் கொண்ட துணைக்கோள்களால் பனியின் மேற்பரப்பு உயரத்தை அளந்து, அது தாழ்வதைக் கொண்டு இழப்பைக் கணிப்பது ஒன்று. ஆண்டுதோறும் பொழியும் பனியை வரவாகவும், உருகி ஓடுவதையும் பனியாறுகள் கடலில் தள்ளுவதையும் செலவாகவும் எழுதிக் கழித்துப் பார்ப்பது மற்றொன்று. மூன்று வழிகளுக்கும் தனித்தனிக் குறைகள் உண்டு. ஆயினும் மூன்றும் ஒரே போக்கையே காட்டுவதால்தான் முடிவின்மேல் நம்பிக்கை வைக்க முடிகிறது.

மூன்றையும் ஒப்பிட்டுச் சேர்த்த பன்னாட்டு ஆய்வின்படி, 1992 முதல் 2020 வரை கிரீன்லாந்தும் அண்டார்க்டிக்காவும் சேர்ந்து ஏறத்தாழ 7,560 பில்லியன் டன் பனியை இழந்துள்ளன. அதில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு கிரீன்லாந்தினுடையது. 361 பில்லியன் டன் நீர் கடலில் சேர்ந்தால் கடல்மட்டம் 1 மில்லிமீட்டர் உயரும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இத்தகைய செய்திகளைத் தாங்களே எளிதாக மாற்றிப் பார்க்கலாம்: 7,560ஐ 361ஆல் வகுத்தால் 21 மில்லிமீட்டர். கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றும். ஆனால் 1990களின் முற்பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 105 பில்லியன் டன்னாக இருந்த இழப்பு, 2016 முதல் 2020 வரையிலான ஆண்டுகளில் 372 பில்லியன் டன்னாக, அதாவது மூன்றரை மடங்காக வளர்ந்திருக்கிறது என்பதே அதில் கவனிக்க வேண்டியது.

கேள்வி: 2100ஆம் ஆண்டுக்குள் கடல் 30 சென்டிமீட்டர் உயரும் என்று ஓரிடத்தில் படிக்கிறேன், 1 மீட்டர் என்று இன்னோரிடத்தில், 2 மீட்டர் என்று வேறோரிடத்தில். இவ்வளவு நுட்பமாக எடை போடத் தெரிந்தவர்களால் ஓர் எண்ணைச் சொல்ல முடியாதா? (கிளமெண்டி வாசகர்)

பதில்: தாங்கள் படித்த மூன்று எண்களும் ஒரே அறிக்கையிலிருந்து வந்தவையாகவே இருக்கக்கூடும். பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகளின் குழு 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 1995 முதல் 2014 வரையிலான சராசரியோடு ஒப்பிடுகையில் 2100க்குள் உலகச் சராசரிக் கடல்மட்டம், கரிம வெளியேற்றம் வேகமாகக் குறைக்கப்பட்டால் 32 முதல் 62 சென்டிமீட்டர் வரையிலும், மிக அதிகமாகத் தொடர்ந்தால் 63 சென்டிமீட்டர் முதல் 1.01 மீட்டர் வரையிலும் உயரும். இந்த வேறுபாட்டின் முதல் காரணம் அறிவியலின் குறை அன்று. மனிதர்கள் இனி என்ன செய்வார்கள் என்பது இன்னும் முடிவாகாத ஒன்று. அதே அறிக்கை, வெளியேற்றம் மிக அதிகமாக இருந்து, பனிவிரிப்புகளும் நாம் சரியாக அறியாத வகையில் நிலைகுலைந்தால், 2100க்குள் 2 மீட்டரை நெருங்குவதையும் மறுத்துவிட முடியாது என்கிறது.

இரண்டாவது காரணம் பனிவிரிப்பின் நடத்தை. கடல் உயர்வுக்குக் காரணமானவற்றுள் வெப்பத்தால் கடல்நீர் விரிவடைவதை நன்றாகவே கணிக்க முடிகிறது. கிரீன்லாந்தின் மேற்பரப்பு கோடையில் உருகுவதையும் ஓரளவு கணிக்கலாம். அங்கே ஒரு சிக்கல் உண்டு: பனி உருகி மேற்பரப்பு தாழத் தாழ, அது வெப்பம் மிகுந்த காற்றுக்குள் இறங்கி மேலும் வேகமாக உருகும். எனினும் அது நூற்றாண்டுக் கணக்கில் நடைபெறுவது. உண்மையான இடர்ப்பாடு மேற்கு அண்டார்க்டிக்காவில் இருக்கிறது. அங்கே பனி பெரும்பாலும் மேலிருந்து உருகுவதில்லை. சற்றே வெப்பம் கூடிய ஆழ்கடல்நீர் பனித்தட்டுகளின் அடியில் புகுந்து அரிக்கிறது.

த்வெய்ட்ஸ் பனியாற்றை எடுத்துக்கொள்வோம். அதன் முகப்பு ஏறத்தாழ 120 கிலோமீட்டர் அகலம். அதிலுள்ள பனி மட்டுமே கடலை ஏறத்தாழ 65 சென்டிமீட்டர் உயர்த்தக்கூடியது. அது ஊன்றி நிற்கும் தரை கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அதோடு, கரையிலிருந்து உள்ளே செல்லச் செல்ல மேலும் ஆழமாகிறது. பனி தரையை விட்டு மிதக்கத் தொடங்கும் கோடு பின்வாங்கினால், அது முன்னைவிட ஆழமான இடத்தில், முன்னைவிடத் தடித்த பனியில் போய் நிற்கும். பனி தடிமனாக இருக்குமளவு அது கடலை நோக்கி வழியும் வேகமும் கூடும், வழிந்தால் மெலியும், மெலிந்தால் மிதக்கும், கோடு மீண்டும் பின்வாங்கும். ஹான்ஸ் வீர்ட்மன் 1974இலும் ஜான் மெர்சர் 1978இலும் எழுதிய கட்டுரைகளிலேயே இந்த ஆபத்து சுட்டிக்காட்டப்பட்டுவிட்டது. ஆனால் எப்போது தொடங்கும், எவ்வளவு விரைவாக நடக்கும் என்பது அடித்தரையின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும், பனிக்கும் பாறைக்கும் இடையிலுள்ள சேற்றின் வழுக்கலையும், அங்கே வந்து சேரும் கடல்நீரின் வெப்பத்தையும் பொறுத்தது. அந்த நுணுக்கங்களை ஒவ்வோர் ஆய்வுக்குழுவும் ஒவ்வொரு விதமாகக் கணினி மாதிரிகளில் சேர்க்கிறது.

எண்கள் எவ்வளவு மாறக்கூடும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. தாங்கிப் பிடிக்கும் பனித்தட்டுகள் போய்விட்டால், உயரமான பனிச்சுவர்கள் தம் எடையைத் தாமே தாங்க மாட்டாமல் இடிந்து விழும் என்ற கருத்தை மாதிரியில் சேர்த்து, அண்டார்க்டிக்கா மட்டுமே 2100க்குள் 1 மீட்டருக்கும் மேல் கடலை உயர்த்தக்கூடும் என்று ராபர்ட் டிகாண்டோவும் டேவிட் பொல்லார்டும் 2016இல் எழுதினர். 2021இல் அவர்களே மற்ற ஆய்வாளர்களோடு சேர்ந்து மேம்படுத்திய மாதிரியில் அந்த அளவு கணிசமாகக் குறைந்தது. இதைக் கண்டு அறிவியல் தடுமாறுகிறது என்று முடிவு கட்டுவது தவறு. புதிய அளவீடு வரும்போது எண்ணைத் திருத்துவதுதான் நேர்மையான முறை.

கடந்த காலமும் சில எல்லைகளைக் காட்டுகிறது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பு கடல் இன்றைவிட 120 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தது. சிங்கப்பூர் நீரிணை உலர்ந்த நிலமாக இருந்தது, இங்கிருந்து சுமத்ராவுக்கும் போர்னியோவுக்கும் நிலத் தொடர்பு இருந்தது. பின்பு பனி உருகிய காலத்தில், ஏறத்தாழ 14,500 ஆண்டுகளுக்கு முன், ஒரு சில நூற்றாண்டுகளுக்குள் கடல் பத்து மீட்டருக்கும் மேல் உயர்ந்த ஒரு கட்டம் உண்டு. அன்று வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருந்த பனி இன்று இல்லை என்பதால் அந்த வேகத்தை அப்படியே எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஆனால் பனிவிரிப்புகள் எப்போதும் மெதுவாகத்தான் குறையும் என்ற எண்ணத்தை அது அனுமதிப்பதில்லை. மற்றொரு சான்று 125,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது. அப்போது உலகின் வெப்பநிலை தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட ஒரு டிகிரி அளவே கூடுதலாக இருந்தும், கடல் இன்றைவிட 5 முதல் 10 மீட்டர் உயர்ந்திருந்தது.

ஆகவே, மொத்தம் எவ்வளவு என்பதில் ஐயம் குறைவு. எவ்வளவு விரைவாக என்பதில்தான் ஐயம் மிகுதி. தடுப்புச் சுவர் கட்டுபவர் நடுவிலுள்ள எண்ணை எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நூறாண்டு நிற்க வேண்டிய கட்டுமானத்துக்கு மேல் எல்லையையே அளவாகக் கொள்ள வேண்டும். பின்னாளில் மேலும் உயர்த்துவதற்கும் இடம் விட்டுக் கட்ட வேண்டும்.

கேள்வி: உலகத்துக்கு 1 மீட்டர் என்கிறார்கள், சிங்கப்பூருக்கு 1.15 மீட்டர் என்று இங்குள்ள ஆய்வு சொல்கிறது. கடல் எல்லாம் ஒன்றுதானே, நமக்கு மட்டும் ஏன் கூடுதல்? நான் குடியிருப்பது கடலைத் தூர்த்து உருவாக்கிய நிலத்தில் என்பதால் கேட்கிறேன். (மரின் பரேட் வாசகி)

பதில்: கடல் ஒன்றுதான், ஆனால் அதன் மேற்பரப்பு எங்கும் ஒரே சீராக உயர்வதில்லை. கிரீன்லாந்திலும் அண்டார்க்டிக்காவிலும் உள்ள பனி, தன் பெரும் நிறையால் சுற்றியுள்ள கடல்நீரைத் தன்பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி குறைந்தால் அந்த இழுப்பும் குறையும். அருகிலுள்ள நீர் விலகிச் செல்லும். பாரம் நீங்கிய தரையும் மேலெழும். இதனால் கிரீன்லாந்தின் பனி உருகும்போது அதைச் சுற்றி ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் வரை கடல்மட்டம் உண்மையில் தாழும். அங்கே குறைவது வேறெங்கோ கூட வேண்டும். தொலைவிலுள்ள கரைகளில், குறிப்பாக வெப்பமண்டலத்தில், உயர்வு உலகச் சராசரியைத் தாண்டுகிறது. இரு துருவங்களிலிருந்தும் தொலைவில், பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள சிங்கப்பூருக்கு எந்தப் பக்கத்துப் பனி உருகினாலும் சராசரியைவிடச் சற்றுக் கூடுதலான பங்கு வந்து சேரும். இதனோடு வட்டாரக் கடல் நீரோட்டங்களும் நிலத்தின் அசைவும் சேர்கின்றன.

தாங்கள் குறிப்பிடும் ஆய்வு, 2024 ஜனவரியில் வெளியான மூன்றாவது தேசியப் பருவநிலை மாற்ற ஆய்வு. வெளியேற்றம் மிக அதிகமாகத் தொடரும் நிலையில் சிங்கப்பூரைச் சுற்றிய சராசரிக் கடல்மட்டம் 2100க்குள் 1.15 மீட்டர் வரையிலும், 2150க்குள் ஏறத்தாழ 2 மீட்டர் வரையிலும் உயரக்கூடும் என்று அது மதிப்பிடுகிறது. உலக அளவுக்கான 1.01 மீட்டரைப் போலவே 1.15 என்பதும் மேல் எல்லை.

வீட்டைப் பற்றிய தங்கள் கவலைக்குச் சராசரி மட்டும் விடையாகாது. ஓதம் மிக உயர்ந்திருக்கும் வேளையில் புயற்காற்றும் கடலைக் கரைக்குத் தள்ளி, அதோடு உயர்ந்த சராசரியும் சேர்ந்தால், நீர் இன்றைய சராசரியைவிட 4 முதல் 5 மீட்டர் வரை ஏறக்கூடும் என்று இங்கே திட்டமிடுகிறார்கள். சிங்கப்பூரின் நிலத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு சராசரிக் கடல்மட்டத்துக்கு 5 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருப்பதால்தான் அந்த எண் முக்கியமாகிறது. தூர்க்கப்படும் புதிய நிலத்தின் குறைந்தபட்ச உயரம் 2011இல் 3 மீட்டரிலிருந்து 4 மீட்டராக உயர்த்தப்பட்டது. சாங்கி விமான நிலையத்தின் ஐந்தாம் முனையம் 5.5 மீட்டர் உயரத்தில் அமைகிறது. தாங்கள் வசிப்பது போன்ற பழைய நிலத்தை அப்படி உயர்த்த இயலாது. அதைக் கரையோரத்தில்தான் காக்க வேண்டும். ஈஸ்ட் கோஸ்ட் கரைக்கு அப்பால் ஏறத்தாழ 800 ஹெக்டர் பரப்பில் திட்டமிடப்படும் லாங் ஐலண்ட், அதற்கும் கரைக்கும் நடுவே ஒரு நீர்த்தேக்கத்தை அமைப்பதோடு, கடலுக்கு எதிரான அரணாகவும் இருக்கும். கரையோரப் பாதுகாப்புப் பொறுப்பு 2020 ஏப்ரல் முதல் பொதுப் பயனீட்டுக் கழகத்திடம் இருக்கிறது. தங்கள் கரையோரத்துக்கு எந்த உயரத்தை அளவாகக் கொண்டு திட்டமிடுகிறார்கள் என்று கேட்க வேண்டிய இடம் அதுவே.